நீர்க்கோட்டுக்குக் கீழே

மூன்றாம் நாள் காலையில் படகின் வயிற்றிலிருந்த சிவப்புப் பட்டை கண்ணில் படவில்லை.

அரசப்பன் படித்துறையின் கடைசிப் படியில் குந்தி, கை எட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்த அந்த மூன்றடிப் படகை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டைக் காலத்தில் துறைமுக வாய்களில் ரோந்து சுற்றிய காவல் படகின் மாதிரி அது. இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. முன்தளத்தில் விரல் நீளப் பீரங்கி, நடுவில் ஓட்டுநர் அறை, அதன் கூரையில் மிளகளவு பல்பு பதித்த தேடுவிளக்கு. உள்ளே மோட்டாரும் பேட்டரியும், கரையில் நிற்பவன் கைப்பெட்டியின் குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் படகைத் திருப்புகிற ரேடியோவும் இருந்தன. இலவம் பலகையைச் சீவி, ஆவி காட்டி வளைத்து, கீற்றுக் கீற்றாக ஒட்டியவன் அவன்தான். பட்டையைப் பூசியவனும் அவன்தான். படகு சரியான பாரத்தில் மிதந்தால் பட்டையின் மேல்விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு நூல் தெரிய வேண்டும். முதல் நாள் தெரிந்தது. நேற்று பாதிதான் தெரிந்ததுபோல் இருந்தது. வெயில் கூசியதால் அவனுக்கு நிச்சயமில்லை. இன்று பட்டை முழுவதும் போய், அதற்கு மேலே சாம்பல் வண்ணத்திலும் ஒரு விரற்கடை முங்கியிருந்தது.

ஓட்டை என்றுதான் முதலில் நினைத்தான். தூக்கிக் கரையில் வைத்து மேல்தளத்தைக் கழற்றினான். உள்ளே, நீர் கசிந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று முந்தின நாள் அவன் தூவியிருந்த முகப்பவுடர் ஒரு துளி ஈரமும் படாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சைக்கிள் கேரியரில் கட்டி நீடாமங்கலத்துக்குக் கொண்டுபோனான். அவனுடைய ரேடியோக் கடைக்கு அடுத்தது அரிசிக் கடை. தராசில் வைத்தான். நாலு கிலோ நூறு. செய்து முடித்த அன்று எவ்வளவோ அவ்வளவேதான். கடைக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் தொட்டியில் விட்டான். பட்டை நூல் பிசகாமல் தண்ணீருக்கு மேலே நின்றது.

தொட்டியில் சரியாக மிதந்தது. குளத்தில் மட்டும் தாழ்ந்தது.

குளம் அக்ரகாரத்துக் குளம். பத்தொன்பது வருஷமாக அரசப்பன் அதன் கரைக்குப் போனதில்லை. சுற்று வழியாக வயல் வரப்பில் நடந்து போவானே தவிர, அந்தத் தெருவில் சைக்கிளைத் திருப்ப மாட்டான். இப்போது போக வேண்டி வந்ததற்குக் காரணம் வெங்கடசுப்ரமணியன்.

வெங்கடசுப்ரமணியனுக்கு அறுபத்தாறு வயது. ஒரு காலத்தில் அந்த ஊர் நிலத்தில் பாதி அவருடைய குடும்பத்துக்கு இருந்தது. உச்சவரம்பில் கொஞ்சம் போயிற்று, குத்தகைப் பதிவில் கொஞ்சம், பங்காளிகள் பட்டணம் போன வகையில் மீதி. கூடப்பிறந்த அண்ணாவும் காலமாகி, மனைவியும் போய், குளத்தைப் பார்த்த மாடி வீட்டில் அவர் மட்டும் மிச்சம். இளவயதில் கடற்படையில் சேர்ந்து, அந்த மாதிரிக் காவல் படகொன்றில் தந்தியடித்தவர். அமெரிக்காவிலிருக்கும் மகன் ரேடியோவில் இயங்கும் கருவிப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தான். அவருக்குக் கண்ணில் புரை. செய்து கொடுக்க ஆள் தேடியபோது, டிவி ஆன்டெனா கட்ட வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பி, தட்ட முடியாமல் வந்த அரசப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்கோ அரசப்பன். வாசல்லயே என்ன?"

அவனுடைய அப்பா கண்ணுசாமியை இதே வீட்டில் கொல்லைப்புறம் நிறுத்தித்தான் பேசுவார்கள். அப்பா 'சாமி' என்பார். அரசப்பன் 'சார்' என்றான். ஆட்சி மாறி, கொடி மாறி, ஒரு கொடி இரண்டாகி இத்தனை வருஷத்தில் நடந்தது அவ்வளவுதான் என்று சிலபோது அவனுக்குத் தோன்றும். ஆனால் அது சின்ன விஷயமும் இல்லை.

"சார், படகு செஞ்சு தரேன். ஓட்டுறது வேற குளத்துல வச்சுக்குவோம்."

"என்னால எங்க நடக்க முடியும்? எனக்கு இந்தக் குளத்துலதான் ஓடணும்."

மூன்று முறை முடியாது என்று சொன்னான். நாலாவது முறை அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சு மெத்தையில், தூங்குகிற குழந்தை மாதிரி, பத்திரிகைப் படத்தில் மட்டுமே அவன் பார்த்திருந்த சாமான் கிடந்தது. நீட்டினால் ஆள் உயரம் வரும் ஏரியல், அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும் நகத்தளவு கிறிஸ்டல், சுக்கானை இழுக்கும் சின்ன மோட்டார். தொழில் தெரிந்தவனின் ஆசை பொல்லாதது. அன்றே வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டான்.

வரைபடம், பழுப்பேறிய போட்டோ எல்லாம் கொடுத்துவிட்டு அவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் வலை வேணும். சுருட்டிக் கட்டின வலை. அவிழ்த்துவிட்டா தண்ணியைத் தொடணும்."

"மீன் புடிக்கவா சார்?"

"மனுஷாளைப் பிடிக்க. கப்பல் மூழ்கினா தண்ணில ஆட்கள் கிடப்பா. நாங்க பக்கத்துல போய் வலையை இறக்குவோம். பிடிச்சுண்டு ஏறுவா."

"எல்லாரும் ஏறிடுவாங்களா?"

"ஒரு தடவை நிறையப் பேர். வலையெல்லாம் கை. படகு தாழ ஆரம்பிச்சுடுத்து. அந்தச் சிவப்புக் கோடு முங்கிடுத்து. அதுக்கு மேல ஒருத்தன் தொங்கினாலும் எல்லாருமா உள்ள போயிடுவோம்னு கேப்டன் வலையை அறுக்கச் சொல்லிட்டார்."

"யாரு சார் அறுத்தது?"

அவர் ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தார். "கத்தி நன்னாத் தீட்டி இருந்தது" என்றார்.

வலையை முடிந்தது அரசப்பனின் அம்மா அம்சம். அவனுடைய தடித்த விரல்களுக்கு அந்தச் சன்ன நூல் பிடிபடவில்லை. கீற்று முடைந்து பழகிய அவளுடைய விரல்கள் இரண்டே ராத்திரியில் முடித்தன. அம்சத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. புருஷன் காணாமல் போய்ப் பத்தொன்பது வருஷம். ஒரு நாள்கூட அவள் பொட்டில்லாமல் இருந்ததில்லை.

குளத்தில் இறக்குவதற்கு முன் கடையில் படகை ஸ்டூல் மேல் வைத்து அவள்தான் பூசை போட்டாள். புது சைக்கிளுக்கும் புது டிராக்டருக்கும் செய்வதுபோல எலுமிச்சம்பழம், சூடம், சந்தனம். கொண்டுவந்த குங்குமம் போதாமல் போக, ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துத் தன் நெற்றிப் பொட்டிலிருந்தே தொட்டுப் படகின் மூக்கில் வைத்தாள். அரசப்பன் தடுக்கக் கை நீட்டுவதற்குள் வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது, வெளாட்டு சாமானுக்கு."

"தண்ணியில போறது எதுவா இருந்தா என்னடா." குனிந்து, வழியனுப்புகிற குரலில் படகிடம் சொன்னாள்: "நல்லபடியாப் போயி, எங்க ஆளையும் எங்க இருந்தாலும் கையோட கூட்டிட்டு வந்துடு, சாமி."

அவளுடைய ஆள் கோடியக்கரையில் தோணி ஏறி அக்கரைக்குப் போய்விட்டதாக அவள் நம்பினாள். அதை அவளிடம் சொன்னவன் அரசப்பன். பதினொரு வயதில், ஒரு சாயங்காலம், நனைந்த கால்சட்டையோடு வந்து நின்று சொன்னான். சொன்னது பொய். அந்தப் பொய்யின் மேல்தான் அவள் இத்தனை வருஷமும் தினம் விடிந்ததும் கண்ணாடி முன் நின்றாள். அது உடைந்தால் பொட்டு மட்டும் போகாது. தன் பிள்ளை என்ன பார்த்தான், பார்த்துவிட்டு என்ன செய்யாமல் நின்றான் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோகும். அது மட்டும் நடக்கக் கூடாது என்பதற்காகவே அவன் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. தூக்கத்தில் உளறுவதைக் கேட்க இன்னொரு ஆள் வேண்டாம்.

தராசில் நிறுத்த அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே, ரேடியோவில் ஏதாவது கோளாறா என்று பார்க்கக் கடை மேசையில் கைப்பெட்டியை முடுக்கினான். புரட்டாசிப் புழுக்கம். எதிர் டீக்கடையில் பாய்லர் இரைந்தது. ஈயம் பற்றவைக்கிற புகையும் பஜ்ஜி எண்ணெயும் கலந்த வழக்கமான வாசனைக்கு நடுவே, எங்கிருந்தோ அழுகிய ஆகாயத்தாமரையின் வாடை வந்தது. சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த படகில் ஒட்டியிருக்கும் என்று அதைத் துடைத்தான். வாடை போகவில்லை. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மோர் குடிக்கிற பிள்ளை குழாய் வைத்து டம்ளருக்குள் ஊதுவானே, அந்தச் சத்தம். குமிழ் குமிழாக. கொஞ்சம் நிற்கும். மறுபடி வரும்.

மேசை மேல் யாரோ பழுதுபார்க்கக் கொடுத்த பழைய ரேடியோ இருந்தது. கைப்பெட்டி முடுக்கினால் அதில் இரைச்சல் வருவது இயல்புதான். கைப்பெட்டியை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. ரேடியோவின் பிளக் சுவரில் செருகியே இல்லை. பிறகுதான் கவனித்தான். சத்தம் ரேடியோவிலிருந்து வரவில்லை. அதிலிருந்து காலையிலேயே கழற்றி, ஒயரெல்லாம் அறுத்து, தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. நிமிர்த்தினான். கிழிந்த காகிதக் கூம்பு மெல்ல உள்ளே போயிற்று. வெளியே வந்தது. உள்ளே போயிற்று. ஆள் மூச்சு விடுகிற அளவில். ஓரத்துக் கிழிசலில் ஒரு நீர்முத்து திரண்டு அவனுடைய கட்டைவிரலில் சொட்டியது.

கூம்பு வெளியே வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அம்மா சோறு போட்டாள்.

"என்னடா, படகு நல்லா ஓடுதா?"

"ம்."

"எனக்கு ஒரு நாள் காட்டேன். நான்தானே வலை முடிஞ்சேன்."

"அந்தத் தெருவுக்கெல்லாம் நீ வராதம்மா."

"ஏன், இப்ப யாரு என்ன சொல்லப் போறா? நம்ம ஆளு பஞ்சாயத்துத் தலைவரா இருக்கான்" என்று சிரித்தாள்.

நாலாம் நாள் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று போனான். வெங்கடசுப்ரமணியன் ஏற்கெனவே கைத்தடியோடு படித்துறையின் மேல்படியில் வந்து உட்கார்ந்திருந்தார். "ஒரே ஒரு சுத்து. வலையை அவிழ்த்துவிட்டு" என்றார். அரசப்பன் கடைசிப் படிக்கு இறங்கினான். வலை முடிச்சுகளை அவிழ்த்தான். இரண்டு பக்கமும் நூல்வலை சரிந்து தண்ணீரைத் தொட்டது. படகு கிளம்பியது.

பாதிக் குளம் வரை அவன் சொன்னபடி கேட்டது. பிறகு குச்சியை இடப்பக்கம் சாய்த்தும் வலப்பக்கம் போயிற்று. வடகிழக்கு மூலையில், வாய்க்காலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் விழும் மதகையொட்டி, ஆகாயத்தாமரை மெத்தைபோல் அடர்ந்து கிடந்தது. அங்கே போய், மெத்தையின் ஓரத்தில், யாரோ கை காட்டி நிறுத்தியதுபோல நின்றது. மோட்டார் அறுந்துவிடுவதுபோல் முனகியது. படகு முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. தாழ்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாழ்ந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கமும் இழுபட்டு நிமிர்ந்தது. தளத்தில் தண்ணீர் ஏறியது.

"பிடிச்சுண்டுட்டா" என்றார் அவர்.

அரசப்பன் குச்சியை மறுபடி இடப்பக்கம் சாய்த்தான்.

"பப்பாளிக் காம்பை அவன் பிடுங்கினதை மாடியிலேருந்து நானும் பாத்தேன், அரசப்பன். இங்க படில நின்னுண்டிருந்த பையன் நீதானே?"

நீங்க என்று அவர் சொல்லவில்லை. நீ என்றார். அரசப்பனுக்கு அது உறைக்கவில்லை. காதில் காற்று அடைத்ததுபோல் இருந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, ஆட்சி மாறிய வருஷம் அது. குறுவை அறுப்பு. படி நெல் கூடுதலாகக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று அவர்கள் தெருவே உட்கார்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் கண்ணுசாமி. பண்ணை ஆட்கள் கம்போடு தேடி வந்த அன்று அவர் மகனையும் இழுத்துக்கொண்டு ஓடி, ஒளிய வேறு இடமில்லாமல், எவனும் தேட மாட்டான் என்று அக்ரகாரத்துக் குளத்திலேயே இறங்கினார். மதகோரம் ஆகாயத்தாமரைக்கு அடியில் கழுத்துவரை போய், பப்பாளி இலைக் காம்பு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டார். "அவனுங்க போனதும் குரல் குடு. அதுவரைக்கும் நான் வெளிய வர மாட்டேன். நீ வாயத் தொறக்காத" என்றார். முங்கினார். செடிகளுக்கு நடுவே நாலு விரற்கடைக் காம்பு மட்டும் தெரிந்தது.

ஆட்கள் வந்தார்கள். நனைந்த கால்சட்டையோடு கடைசிப் படியில் நின்ற அரசப்பனை, எவனோ மாடு மேய்க்கிற பையன் என்று கண்டுகொள்ளவில்லை. கரையெல்லாம் கம்பால் குத்தினார்கள். களைத்துப்போய்ப் படித்துறையிலும் மதகுக் கட்டையிலும் உட்கார்ந்தார்கள். மதகில் உட்கார்ந்தவன் காம்பைப் பார்த்தான்.

"ஏன்டா, பப்பாளி தண்ணியிலயா முளைக்குது?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து அதைப் பிடுங்கினான். வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா, அரசப்பனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கத்தினால் அப்பாவை அடித்தே கொன்றுவிடுவார்கள். கத்தாவிட்டால்? பதினொரு வயதுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. செடிகள் ஒரு தரம் எழும்பின. இரண்டாம் தரம். மூன்றாம் தரம் கொஞ்சமாக. வெளியே வர மாட்டேன் என்று சொன்னவர் வரவில்லை. ஆட்கள் எழுந்து போக அரை மணி ஆயிற்று. அவர்கள் போன பிறகும் அவன் குரல் கொடுக்கவில்லை. கொடுத்து, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று பயம். உடல் மிதக்கவே இல்லை. அன்றைக்கு அவர்கள் தெருவில் அவரோடு சேர்த்து நாலு பேரைக் காணோம்; மற்ற மூவர் எங்கே ஒளிந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் ஏட்டில் நாலு பேருமே தலைமறைவு என்று எழுதி மூடினார்கள்.

"எங்க அண்ணா வச்ச ஆட்கள்" என்றார் வெங்கடசுப்ரமணியன். "ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பான்கள். நானும் போடலை. இங்க உன் மூஞ்சி, அங்க அந்தச் செடி. மாறி மாறிப் பாத்துண்டே நின்னேன்."

"எதுக்கு சார் இந்தப் படகைச் செய்யச் சொன்னீங்க?"

"ஒரு தடவையாவது வலையை அறுக்காம இருக்கணும்னு" என்றார்.

அரசப்பன் கைப்பெட்டியைப் படியில் போட்டுவிட்டு நடந்தான். பின்னால் மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. அந்தப் பேட்டரி நாற்பது நிமிஷம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

மறுநாள் மகாளய அமாவாசை. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். அக்ரகாரத்தில் மிச்சமிருந்த இரண்டு மூன்று பேர் காலையிலேயே குளக்கரையில் காரியத்தை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். படிகளில் எள் சிதறிக் கிடந்தது. அம்சம் இந்த நாளில் ஒரு தரமும் எள் தொட்டதில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு எதற்கு?

உச்சி வேளையில் அரசப்பன் அரிவாளோடு வந்தான். இறங்கிப் போய் வலையை அறுத்து, படகை எடுத்து, உடைத்து அடுப்பில் வைத்துவிட வேண்டும். அம்மா காதுக்கு எதுவும் போகுமுன். ராத்திரி முழுதும் யோசித்துச் செய்த முடிவு. வெளிச்சத்தில் செய்தால் பயமிருக்காது என்று நினைத்திருந்தான். வெயில் குளத்தின் மேல் தகடு போட்டதுபோல் கிடந்தது. தவளை இல்லை. கொக்கு இல்லை. மேல்படியில் வெங்கடசுப்ரமணியன், ஈர வேட்டியோடு, தடியை ஊன்றியபடி நின்றிருந்தார். காரியம் முடித்தவர் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது.

"கேக்கறதா?" என்றார்.

கேட்டது. மோட்டார்.

நேற்றுப் பத்து மணிக்கு முடுக்கிய மோட்டார். இன்றும் ஓடிக்கொண்டிருந்தது.

கைப்பெட்டி அவன் போட்ட இடத்திலேயே கிடந்தது. எடுத்தான். குச்சியை எல்லாப் பக்கமும் ஆட்டினான். பின்மூடியைத் திறந்து பேட்டரிகளைக் கையில் கொட்டினான். எட்டு பேட்டரி. காலியான பெட்டி. மதகோரம் முனகல் மாறியது. பாரம் இழுக்கிற முனகல்.

படகு வந்துகொண்டிருந்தது.

தளம் தெரியவில்லை. ஓட்டுநர் அறையின் கூரையும் தேடுவிளக்கும் மட்டும் தண்ணீருக்கு மேலே. விளக்கு எரிந்தது, நட்ட நடு வெயிலில், மஞ்சளாக. அதன் பின்னால் ஆகாயத்தாமரை மெத்தை முழுசாக, வேரோடு, அசைந்து வந்தது. மாடு வண்டி இழுப்பதுபோல. நிதானமாக. அழுகல் வாடை முன்னால் வந்து மூக்கில் மோதியது.

இறங்கலாம். அறுக்கலாம். அரிவாளைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அரசு!"

அம்சம். படித்துறைத் தலைப்பில். கையில் சோற்றுத் தூக்கு. தலையில் கனகாம்பரம். நல்ல நாளுக்குக் கட்டுகிற பச்சைப் புடவை.

"காலையில சாப்புடாம ஓடியாந்துட்ட. வர வரைக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, நல்ல சேதி மாதிரி." அவள் பார்வை குளத்துக்குப் போயிற்று. "ஐய, அதான் நம்ம படகா? என்னத்தடா இழுத்துட்டு வருது?"

வராதே. அவன் மனதுக்குள் சொன்னான். வராதேம்மா.

அவள் அவனைத் தாண்டி இறங்கினாள். தூக்கைப் படியில் வைத்தாள். எள்ளை மிதித்தாள். முழங்கால். இடுப்பு. படகு அவளை நோக்கித் திரும்பியது.

"கூப்பிடு அரசப்பன். அவளைக் கூப்பிடு!" என்று மேலேயிருந்து கிழவர் கத்தினார்.

வாயைத் திறந்தான். காற்று வந்தது. குரல் இல்லை.

மார்பளவுத் தண்ணீரில் அம்சம் படகைத் தொட்டாள். செடிகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். இருட்டில் படுத்திருக்கும் ஆளின் முகத்தைத் தடவி அடையாளம் பார்ப்பதுபோல. நெற்றி. மூக்கு. தாடை. அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவன் பத்தொன்பது வருஷமாகப் பார்த்ததில்லை.

"வந்துட்டாருடா" என்றாள். காதைத் தண்ணீரருகே சாய்த்தாள். தலையாட்டிக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அவனுங்க போயிட்டானுங்களான்னு கேக்குறாரு."

போயிட்டாங்க. ஒரு சொல். பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய சொல். அதைச் சொன்னால் எழுந்து வருவார். எது எழுந்து வரும்? அரசப்பன் நின்றான்.

"சொல்லேன்டா. கழுத்து கடுக்குதாம்."

நின்றான்.

அம்சம் அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் மேல்படியில் தடியோடு நிற்கிற உருவத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய், அங்கே ஒரு புரிதல் வந்தது. ஒளிந்திருக்கிறவர்கள் கண்ணால் பேசிக்கொள்வார்களே, அது. சரி என்பதுபோல அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையசைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். காம்பு கவ்வுவதுபோல உதடுகளைக் குவித்தாள். சத்தமில்லாமல் முங்கினாள்.

மோட்டார் நின்றது.

மெத்தை ஒரு பக்கமாக விலகிக்கொண்டது. கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. வெயில் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. அவன் நின்ற படிக்கு ஒரு முழம் தள்ளி, வரிசையாக, ஐந்து முகங்கள் அண்ணாந்திருந்தன. நாலு முகங்களில் வேர் படர்ந்திருந்தது. ஐந்தாவதில் குங்குமம் இன்னும் கரையவில்லை. ஐந்து வாய்களும் குவிந்திருந்தன. கண்களெல்லாம் திறந்து, இமைக்காமல், அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.